லாயத்துக் குதிரைக்குப் புல்லை எதில் வைப்பது? தரை, வலை, சுவர்த்தட்டி, தொட்டி, பெட்டி: ஓர் ஒப்பீடு

லாயம் கட்டும்போது கூரைக்கும் கதவுக்கும் பலமுறை யோசிப்பவர்கள்கூட, புல் வைக்கும் இடத்தைக் கொத்தனாரிடமோ கடைக்காரரிடமோ விட்டுவிடுகிறார்கள். கொத்தனார் மாட்டுக்குக் கட்டிப் பழகிய காடியை, அதாவது தீவனத் தொட்டியை, கட்டித் தருகிறார். கடைக்காரர் கையிருப்பில் உள்ள நைலான் வலையை எடுத்துக் கொடுக்கிறார். குதிரையோ தன் நாளின் பெரும்பகுதியை அந்த இடத்துக்கு முன்னால்தான் கழிக்கப் போகிறது. அதன் இரைப்பை, பல், நுரையீரல், முன்னங்கால் எல்லாமே அந்த ஒரு மூலையைச் சார்ந்திருக்கின்றன.

கொங்குப் பகுதியில் வீட்டோடு மார்வாரி, காட்டியவாரிக் குதிரைகளை வளர்ப்பவர்களும், நகர்ப்புறக் குதிரையேற்றப் பள்ளிகளை நடத்துபவர்களும் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: வலை வாங்கலாமா, இரும்புத் தட்டி அடிக்கலாமா, இருக்கிற சிமெண்டுத் தொட்டியே போதுமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லாயங்களுக்கு, அடி தரையை ஒட்டியும் சுவர் குதிரையின் மார்பு உயரத்துக்கும் இருக்கும் மூலைத் தொட்டிதான் நல்லது. இரவு நீளமாக இருந்தால் அதற்குள்ளேயே ஒரு சிறுதுளை வலை. தலைக்கு மேலே அடிக்கப்படும் சுவர்த்தட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் எல்லாக் குதிரையும் ஒன்றல்ல. அதனால் காரணங்களையும் விலக்குகளையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## எதைக் கொண்டு அளப்பது

நேரம். குதிரையின் இரைப்பை அதன் உடலுக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். புல்வெளியில் விட்டால் நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேயும் பிராணி அது. லாயத்தில் மாலை 6 மணிக்குப் புல்லை வைத்துவிட்டு மறுநாள் காலை 6 மணிக்கு வந்தால், இடையில் மூன்று நான்கு மணி நேரம்தான் அது மென்றிருக்கும். மிச்ச இரவெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம். இரைப்பைப் புண்ணுக்கும், மரத்தைக் கடிப்பது, காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே இடவலமாக ஆடுவது போன்ற லாயப் பழக்கங்களுக்கும் இந்த நீண்ட பட்டினிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் குதிரையின் வாய் சும்மா இருக்கக் கூடாது. புல் வைக்கும் சாதனம் இதற்கு உதவுகிறதா என்பதே முதல் கேள்வி.

தலையின் நிலை. தலையைத் தாழ்த்தும்போது கீழ்த்தாடை சற்று முன்னால் நகர்ந்து பற்கள் சரியாகப் பொருந்துகின்றன. மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் மூக்கு வழியே இறங்கி வெளியேறுகின்றன. ராஜஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் லாரியில் தலையை உயர்த்திக் கட்டி நாள்கணக்கில் கொண்டுவரப்படும் குதிரைகள் நுரையீரல் தொற்றோடு வந்து இறங்குவது ஏன் என்பதற்கு இதுவே முக்கிய விடை. தலையைத் தாழ்த்த விடாததால் நுரையீரல் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ள முடிவதில்லை. உயரமான புல்தட்டி அதே தவற்றைச் சிறிய அளவில் தினந்தோறும் செய்கிறது.

கால் மாட்டிக்கொள்ளுமா? குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், உருளும், சிலிர்த்து எழும். லாடம் அடித்த குளம்பு எந்த வளையத்திலும் கொக்கிபோல மாட்டும். மாட்டிய காலை நிதானமாக விடுவித்துக்கொள்ளும் குணம் அதற்குக் கிடையாது, பதறி இழுக்கும். மற்ற எல்லா அளவுகோல்களிலும் தேறிய சாதனம் இதில் தேறாவிட்டால் தள்ளிவிட வேண்டியதுதான்.

வீணாவது. குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, உலர்ந்த எடைக் கணக்கில், நார்த்தீவனம் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. நாளொன்றுக்கு 8 கிலோ என்றால் ஆண்டுக்கு 2,920 கிலோ. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் திறந்தவெளியில் சிறு புல்கட்டுகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், எந்தச் சாதனமும் இல்லாமல் தரையில் போட்டபோது 13 சதவீதம் வீணானது. சாதனங்களில் வைத்தபோது 1 முதல் 5 சதவீதம் வரையே வீணானது. அதை நம் கணக்குக்குக் கொண்டுவந்தால், 13 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 380 கிலோ, 5 சதவீதம் என்பது 146 கிலோ. வித்தியாசத்தை உங்கள் ஊரின் புல் விலையால் பெருக்கிப் பாருங்கள். சாதனத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

கைவேலை. வலை வாங்குபவர் ஒருவர், அதை நிரப்பித் தொங்கவிடுபவர் வேறொருவர். விலைப்பட்டியலில் வராத பெரிய செலவு இதுதான். தினமும் இரண்டு வேளை, மழையானாலும் திருவிழாவானாலும், சரியாகச் செய்யப்படாத எந்த ஏற்பாடும் ஒரு மாதத்தில் கைவிடப்படும். அல்லது ஆபத்தான முறையில் தொடரும்.

## நீங்கள் போடும் தீவனம் எது?

வெளிநாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அங்கே பேசப்படுவது மெல்லிய தண்டுள்ள, கட்டாகக் கட்டிய உலர்புல். இங்கே நம் குதிரைகளின் முன்னால் விழுவது பல வகை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் சோளத்தட்டும் தடித்த நீண்ட தண்டுகள். சிறுதுளை வலையில் அவற்றை அடைத்தால் குதிரை இலையை மட்டும் உருவிக்கொண்டு தண்டோடு மல்லுக்கட்டும். அவற்றை இயந்திரத்தில் நறுக்கிப் போட்டால் வலை, தட்டி எதிலும் நிற்காது. தொட்டி ஒன்றே வழி. நறுக்கிய தீவனத்தை மெல்ல ஆகும் நேரமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

குதிரைமசால் (லூசர்ன்) இதற்கு நேர் எதிர். காய்ந்ததும் அதன் இலைகள் தொட்டாலே உதிரும். புரதத்தின் பெரும்பங்கு அந்த இலைகளில்தான் இருக்கிறது. வலையில் வைத்து அசைத்தால் விலை கொடுத்து வாங்கிய சத்து படுக்கை உமியில் கலந்து லத்தியோடு வெளியே போகும். நேப்பியர், கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்ஸலேட் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுவதால், அவற்றையே நெடுங்காலம் தின்னும் குதிரைக்கு முகஎலும்பு வீங்கும் நோய் வரக்கூடும். அதை ஈடுகட்டத்தான் பலர் குதிரைமசால் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பவர்களுக்கு, உதிரும் இலையைத் தாங்கிப் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள சாதனம் கட்டாயம்.

## 1. தரையில் போடுவது

குதிரையின் உடலுக்கு மிக இயல்பான நிலை இதுதான். தலை தாழும், கழுத்து நீளும், மூக்கருகில் தூசி குறையும். கால் மாட்ட எதுவும் இல்லை. குட்டிக்கும், பல் தேய்ந்த கிழக்குதிரைக்கும், இருமல் உள்ளதற்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

செலவே இல்லை என்று நினைப்பதுதான் தவறு. அறைக்குள் போட்ட புல்லைக் குதிரை மிதிக்கும், அதன் மீது சிறுநீர் கழிக்கும், படுக்கும். நனைந்த பகுதியைத் தொடாது. வீணாவதன் கணக்கை மேலே பார்த்தோம். லத்தி பட்ட புல்லைத் தின்றால் குடற்புழு திரும்பத் திரும்ப உள்ளே போகும். மண்தரையாக இருந்தால் இன்னொரு ஆபத்து: கடைசிப் புல் துணுக்குகளைப் பொறுக்கும்போது மணலையும் சேர்த்தே விழுங்கும். மணல் பெருங்குடலில் படிந்து வயிற்றுவலி கொடுக்கும். கடற்கரையோர ஊர்களிலும், ஆற்றுமணலை லாயத்தில் பரப்பும் வழக்கம் உள்ள இடங்களிலும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிச் சுவரோரமாகப் போட்டு, தினமும் பெருக்கி, அதன் மீது புல் வைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

தீராதது நேரம். தரையில் போட்ட புல் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவு 9, 10 மணிக்கு இன்னொரு முறை புல் வைக்க ஆள் இருக்கும் லாயத்துக்குத் தரையே போதும் என்பேன்.

## 2. புல்வலை

மலிவானது, எங்கும் எடுத்துச் செல்லலாம், அளந்து வைக்கலாம். பெரிய நன்மை நேரம். மின்னசோட்டாவில் செய்த மற்றோர் ஆய்வில், தரையில் வைத்த புல்லைச் சுமார் மூன்று மணி நேரத்தில் முடித்த குதிரைகள், அதே அளவை 4.4 சென்டிமீட்டர் துளை வலையில் தின்ன ஐந்து மணி நேரமும், 3.2 சென்டிமீட்டர் துளை வலையில் ஆறரை மணி நேரமும் எடுத்துக்கொண்டன. உடல் பருத்த குதிரைக்கும், இரவில் 12 மணி நேரம் தனியாக நிற்கும் குதிரைக்கும் இது மருந்துக்கு நிகர். 15 சென்டிமீட்டர் துளையுள்ள பெரிய வலையால் நேரம் கூடுவதில்லை. அது வெறும் பை. கடையில் துளையை அளக்காமல் வலை வாங்குவதில் பயனில்லை.

இப்போது மறுபக்கம். வலையைத் தாழ்வாகக் கட்டினால் கால் மாட்டும். உயரமாகக் கட்டினால் தலை தூக்கி நிற்க வேண்டும், மூக்கு வலைக்குள் புதைந்திருப்பதால் தரையில் தின்பதைவிடப் பல மடங்கு தூசியை உள்ளிழுக்கும். இரண்டுக்கும் இடையில் ஓர் உயரம் உண்டு: வலை காலியாகித் தொய்ந்த பிறகும் அதன் அடி முன்னங்கால் முட்டிக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். நிரம்பிய வலையைப் பார்த்து உயரம் முடிவு செய்பவர்கள், காலையில் அது ஓரடிக்கு மேல் தொங்கிக் கிடப்பதைக் கவனிப்பதில்லை. கயிற்றை வளையத்தில் ஒருமுறை ஓட்டி, வலையின் அடிக் கண்ணியில் கோத்து, திரும்ப மேலே இழுத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். வளையத்துக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு சணல் கண்ணி இருக்கட்டும். குதிரை பதறி இழுத்தால் சணல் அறும். நைலான் அறாது, கால்தான் முறியும்.

மறைந்த செலவுகளைப் பட்டியலிட்டால் வலையின் மலிவு காணாமல் போகும். சிறுதுளை வலையில் புல் அடைப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் வலையை விரித்து, அதன் வாயைப் பீப்பாய் விளிம்பில் மடித்துவிட்டு நிரப்பினால் வேலை பாதியாகும். நூல் பிய்ந்தால் உடனே தைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். விழுங்கப்பட்ட நைலான் இழை செரிக்காது, குடலில் அடைப்புக்குக் கருவாகலாம். மெல்லிய மீன்பிடி வலையை மடித்துத் தைத்துப் பயன்படுத்தும் யோசனை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்த நரம்பு ஈறை அறுக்கும், பல்லிடுக்கில் சிக்கும்.

குட்டி இருக்கும் அறையில் வலை கூடவே கூடாது. பயணத்துக்கும் சந்தைக்கும் வலைதான் சரி. ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர்களுக்கு, ஆயிரம் கால்கள் மிதித்த மண்ணில் புல்லைக் கொட்டுவதைவிட நல்ல வலை இரண்டு எடுத்துப்போவது நூறு மடங்கு மேல்.

## 3. சுவர்த்தட்டி

சுவரில் அடித்த இரும்புக் கம்பிக் கூடை. பழைய லாயங்களிலும் புதிய லாயங்களிலும் இதைப் பார்க்கலாம், ஏனென்றால் வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் செய்துவிடலாம், தரையில் இடம் பிடிக்காது, ஒரு கட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம். வேலைக்காரருக்கு மிகச் சுலபமான சாதனம் இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குதிரைக்கு அல்ல. தலைக்கு மேலே இருக்கும் தட்டியிலிருந்து இழுக்கும்போது விதையும் தூசியும் நேராகக் கண்ணிலும் மூக்கிலும் விழுகின்றன. கழுத்தின் அடித்தசைகள் தவறான பக்கம் உழைக்கின்றன. சவாரியில் தலையைத் தாழ்த்தப் பழக்க நாம் படும் பாட்டை லாயம் ஒவ்வொரு நாளும் அழித்துக்கொண்டிருக்கும். கீழே இழுத்த புல்லில் பாதியைத் தரையில்தான் தின்னும். அதனால் நேரமும் கூடுவதில்லை, சுத்தமும் மிஞ்சுவதில்லை. கம்பி இடைவெளி பெரிதாக இருந்தால், முன்காலைத் தூக்கும் குதிரையின் குளம்பு உள்ளே போய் மாட்டும். கடலோர ஊர்களில் துருப்பிடித்த கம்பி உதட்டைக் கிழிக்கும்.

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் கழற்றி எறிய வேண்டியதில்லை. மேல்விளிம்பு குதிரையின் மார்பு மட்டத்துக்கு வரும்படி இறக்கி, கம்பிகளுக்கு இடையே 5 சென்டிமீட்டருக்கு மேல் விடாமல் குறுக்குக் கம்பி சேர்த்து, கீழே ஒரு தட்டையும் பொருத்தினால் ஏற்கத்தக்க சாதனமாகும். அப்போது அது ஏறக்குறைய தொட்டியாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

## 4. மூலைத் தொட்டி

அறையின் ஒரு மூலையை முக்கோணமாக மறைத்து, உள்ளே தரையை ஒட்டிப் புல் இருக்கும்படி செய்வது. செங்கல் சிமெண்டில் கட்டலாம், தடித்த பலகையில் அடைக்கலாம், வார்ப்புப் பிளாஸ்டிக்கில் கிடைப்பதைத் திருகலாம். இரு சுவர்களிலும் மும்மூன்று அடி எடுத்துக்கொண்டால் பரப்பு நாலரைச் சதுர அடிதான். 12க்கு 12 அடி அறையில் அது பெரிய இழப்பல்ல. 8 கிலோ காய்ந்த புல்லைத் தளர்வாகப் போட்டால் 100 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும்; அது தாராளமாகக் கொள்ளும்.

நம் ஊர்க் காடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. மாட்டுக்காடியின் அடி உயர்ந்தும் சுவர் தாழ்ந்தும் இருக்கும். குதிரைக்கு இரண்டும் தலைகீழாக வேண்டும். முட்டி உயரச் சுவர் என்றால் முன்காலைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். உருளும்போது கால் உள்ளே சிக்கும். மார்பு உயரத்துக்குச் சுவரை எழுப்பிவிட்டால் காலை வைக்க வழியில்லை, புல்லை வெளியே வாரி இறைக்கவும் முடியாது. தலை உள்ளே தாழ்ந்து போகும், தொண்டை விளிம்பில் படும். ஆகவே விளிம்பு உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். பலகையாக இருந்தால் விளிம்பில் உலோகத் தகடு ஒன்றை மடித்து அடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் கடித்துத் தின்றுவிடும்.

சிமெண்டில் கட்டுபவர்கள் கொத்தனாரிடம் வற்புறுத்த வேண்டியவை மூன்று. உள்மூலைகளை வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கூரான மூலையில் தங்கும் மக்கு புளித்து நாறும். அடியைச் சற்றுச் சாய்த்து, மூடியுள்ள வடிகால் துளை வைக்கச் சொல்லுங்கள். கழுவிய நீர் வெளியேறாத தொட்டியை யாரும் கழுவ மாட்டார்கள். மேற்பூச்சைச் சொரசொரப்பில்லாமல் மெழுகச் சொல்லுங்கள். சொரசொரத்த சிமெண்டில் நாள்தோறும் உரசும் உதடும் முன்பல்லும் தேயும்.

வீணாவது மிகக் குறைவு. உதிர்ந்த குதிரைமசால் இலை அடியிலேயே கிடக்கும், குதிரை நக்கித் தின்னும். நறுக்கிய பசுந்தீவனமும் இதில் நிற்கும். நிரப்ப ஒரு நிமிடம் போதும். நடைபாதைப் பக்கச் சுவரில் சிறு கதவு வைத்தால் அறைக்குள் போகாமலே நிரப்பலாம்.

குறைகளும் உண்டு. நேரத்தைத் தொட்டி தானாகக் கூட்டாது. தரையில் போட்டதைப் போலவே சீக்கிரம் காலியாகும். எலியும் பெருச்சாளியும் இரவில் இறங்கும். எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் குதிரைக்கும் வரும், கண்ணையும் கருவையும் பாதிக்கும் என்பதால், மிச்சத்தைத் தினமும் எடுத்துவிடுவது நல்லது. பயந்த சுபாவமுள்ள குதிரை தலையை உள்ளே விட்டால் சுற்றிலும் பார்க்க முடியாமல் தவிக்கும், ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கும். அப்படிப்பட்டதற்குக் கதவையொட்டிய மூலையைத் தேர்ந்தெடுங்கள். வழியில் நடமாடுபவர்களும் பக்கத்து அறைக் குதிரையும் கண்ணில் பட்டால் அமைதியாகத் தின்னும்.

இருநூறு லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்கில் வெட்டித் தொட்டியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே செய்யுங்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது.

## 5. கம்பிமூடிப் பெட்டி

தரையில் நிற்கும் கனமான மரப்பெட்டி. புல்லின் மேல் ஒரு கம்பித் தட்டி கிடக்கும். புல் குறையக் குறைய அதுவும் இறங்கும். குதிரை துளைகளின் வழியே சிறிது சிறிதாக இழுத்துத் தின்னும். தலை தாழ்ந்திருக்கிறது, நேரமும் கூடுகிறது. கடையில் வாங்கினாலும் பட்டறையில் செய்தாலும் ஐந்திலும் அதிக விலை இதற்கே ஆகும்.

தாளில் பார்க்க இதுவே வெல்ல வேண்டும். நான் தயங்குவது பல்லால். பொறுமையில்லாத குதிரை இரும்புக் கம்பியைக் கடித்து இழுக்கும். முன்பற்கள் தேயும், சில வேளை உடையும். இரும்புக்குப் பதிலாகத் தடித்த நூல்வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அந்தப் பயம் குறையும். ஆனால் லாடம் அடித்த குதிரை பெட்டிக்குள் காலை வைத்தால் அந்த நூலில் மாட்டும். தடித்த தண்டுப் புல் துளையில் வரவே வராது. பெட்டி நகர்ந்து சுவருக்கும் அதற்கும் இடையே சந்து விழுந்தால் உருளும் குதிரையின் கால் அங்கே போகும். லாடமில்லாத, பருத்த, மெல்லிய உலர்புல் தின்னும் மட்டக்குதிரைக்கு இது அருமையான சாதனம். மற்றவற்றுக்கு நான் தேட மாட்டேன்.

## பக்கத்தில் பக்கமாக

| | தரை (ரப்பர் விரிப்புடன்) | சிறுதுளை வலை | சுவர்த்தட்டி | மூலைத் தொட்டி | கம்பிமூடிப் பெட்டி |
|---|---|---|---|---|---|
| தலை நிலை | மிக நன்று | சுமார் | மோசம் | நன்று | நன்று |
| தின்னும் நேரம் | குறைவு | மிக அதிகம் | குறைவு | குறைவு | அதிகம் |
| கால் மாட்டும் ஆபத்து | இல்லை | உண்டு, கட்டும் முறையைப் பொறுத்தது | உண்டு | உயரச் சுவரில் மிகக் குறைவு | லாடக் குதிரைக்கு உண்டு |
| வீணாவது | அதிகம் | குறைவு, ஆனால் இலை உதிரும் | சுமார் | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| நிரப்பும் வேலை | சுலபம் | கடினம் | மிகச் சுலபம் | மிகச் சுலபம் | சுலபம் |
| கழுவுதல் | தினமும் பெருக்க வேண்டும் | அலசி உலர்த்த வேண்டும் | அரிதாக | வடிகால் இருந்தால் சுலபம் | பெட்டியைக் கவிழ்க்க வேண்டும் |
| நறுக்கிய தீவனம் | வீணாகும் | ஆகாது | ஆகாது | ஆகும் | ஆகாது |
| முதல் செலவு | குறைவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் |

## யாருக்கு எது

லாடம் அடித்த, தினமும் சவாரி போகும், மற்றபடி நலமான குதிரைக்கு மூலைத் தொட்டி. பகலில் புல்லைத் தளர்வாகப் போடுங்கள். இரவுப் பங்கைச் சிறுதுளை வலையில் அடைத்து, வலையின் வாயைச் சுருக்கி முடிந்து, தொட்டிக்குள்ளேயே இறக்கி, சுவரின் உட்புறம் அடித்த வளையத்தில் சணல் கண்ணியால் கட்டிவிடுங்கள். தொட்டிச் சுவர் மார்பு உயரத்தில் இருப்பதால் குளம்பு வலையை எட்டாது. தலை தாழ்ந்தே இருக்கும். வலையிலிருந்து உதிரும் இலையைத் தொட்டி பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களிலும் தேறுவது இந்தக் கூட்டு ஏற்பாடு ஒன்றுதான். இதில் மிச்சமிருக்கும் சுமை வலையை நிரப்பும் வேலை. அதுவும் நாளுக்கு ஒருமுறை மட்டும்.

இளைத்த குதிரைக்கு வலை வேண்டாம். அது எவ்வளவு தின்ன முடியுமோ அவ்வளவும் தின்னட்டும். தொட்டியை நிரப்பியே வையுங்கள். வடக்கிலிருந்து லாரியில் வந்து இறங்கிய குதிரைக்கு முதல் இரண்டு வாரமாவது தரையில்தான் வைக்க வேண்டும். மூக்கில் சளி, இருமல் இருந்தால் இன்னும் கட்டாயம்.

இருமல் நாள்பட்டதாக இருந்தால் புல்லை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்துத் தூசியை அடக்கும்படி கால்நடை மருத்துவர் சொல்வார். நம் வெயிலில் ஊறிய புல் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். ஆகவே ஒரே வேளையில் தின்று முடிக்கும் அளவுதான் வைக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஊறிய வலை காய்ந்ததைப் போல இருமடங்குக்கும் மேல் கனக்கும். நீர் சொட்டி முடியும்வரை வெளியே தொங்கவிட்டு, பிறகு பிரித்து விரிப்பிலோ வடிகால் உள்ள தொட்டியிலோ போடுவது சுலபம். வடகிழக்குப் பருவமழையில் ஈரமேறிப் பூஞ்சை பிடித்த புல்லை எந்தச் சாதனத்தாலும் காப்பாற்ற முடியாது. ஊறவைத்தாலும் அது தீவனமாகாது.

வாடகை லாயத்தில் இருப்பவர்கள் சுவரில் எதையும் கட்ட முடியாது. அவர்களுக்கு ரப்பர் விரிப்பும் இரண்டு நல்ல வலைகளும். வலையை முடிபவர் அடிக்கடி மாறுகிற லாயமானால், வலையை விட்டுவிட்டு இரவுப் புல்லின் அளவைக் கூட்டிவிடுவதே பாதுகாப்பு. தப்பாகக் கட்டிய வலையைவிட வீணான இரண்டு கிலோ புல் மலிவு.

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ரப்பர் விரிப்பு, அடுத்து இரவுக்கு வலை, பிறகு வசதி வரும்போது தொட்டி. தொட்டி கட்டிய பின்னும் விரிப்பு அதன் முன்னால் கிடந்து பயன்படும். எதுவும் வீண் போகாது.

## மாற்றும் முதல் வாரம்

புதிய சாதனத்தை ஒரே நாளில் திணிக்காதீர்கள். சிறுதுளை வலையை முதன்முறை பார்க்கும் குதிரை, பசியோடு இருந்தால் எரிச்சலில் அதைக் கடித்துக் குதறும். முதல் சில நாள்களுக்குப் பாதிப் புல்லைத் தளர்வாகவும் பாதியை வலையிலும் வைத்து, வலையை இறுக்கி அடைக்காமல் தொளதொளவென்று விடுங்கள். பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளைக்கு வருவது இன்னும் நல்லது. காலையில் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: வலையில் எவ்வளவு மிச்சம், உதட்டிலும் ஈறிலும் உரசல் உண்டா, லத்தி வழக்கமான எண்ணிக்கையில் ஈரத்தோடு விழுந்திருக்கிறதா. காலை 6 மணிக்கும் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தால் அளவு சரி. வலை காலியாகித் தரையெல்லாம் பறித்த தடம் தெரிந்தால், துளையைச் சிறிதாக்குவதல்ல தீர்வு, புல்லைக் கூட்டுங்கள். லத்தி குறைந்து, சிறிதாகவும் வறண்டும் விழுந்தால் வலையை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் படுத்து எழுகிறது என்றால் காத்திராமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரை அழைத்துவிடுங்கள்.